கோபுரத்தின் உச்சியில் என்ன வெளியேறுகிறது? கரியமில வாயுப் பிடிப்பு ஆலைகளின் அமீன் குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், டெல்லி
தலைவர், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கிண்டி, சென்னை

வணக்கம்.

ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுக்கும் அமைப்புகளுக்கு இசைவாணை கேட்டு வரும் கோப்புகள் இனி உங்கள் மேசையில் கூடிக்கொண்டே போகும். இது நமக்குப் புதிய சரக்கு அல்ல. உத்தரப் பிரதேசத்தின் ஆன்லா, பூல்பூர் உர ஆலைகளில் 2006-லேயே வந்துவிட்டது. தூத்துக்குடியில் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் பிடித்துச் சோடா உப்பு தயாரிக்கும் அமைப்பு 2016-ல் வந்தது. மத்தியப் பிரதேசத்தின் விந்தியாசல் அனல்மின் நிலையத்தில் நாளுக்கு 20 டன் பிடிக்கும் அமைப்பு 2022-ல் தொடங்கியது. இத்தனை ஆண்டுகளில் நம் விதிமுறையில்தான் ஒரு வரி சேரவில்லை. 2009-ல் அறிவித்த தேசியக் காற்றுத் தர அளவுகோலில் 12 மாசுகள் இருக்கின்றன. கரியமில வாயுவை உறிஞ்ச இந்த ஆலைகளில் பயன்படும் நைட்ரஜன் சேர்மமான அமீன் அவற்றில் இல்லை. அமீனிலிருந்து காற்றில் பிறக்கும், புற்றுநோய் ஐயத்துக்குரிய நைட்ரோசமீனும் நைட்ரமீனும் இல்லை.

ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் பிடிக்கும் முதல் ஆலை ஓடத் தொடங்கும் முன்பே அந்த வரியை இசைவாணையில் எழுதிவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். கரியமில வாயுப் பிடிப்பே கூடாது என்பது எங்கள் வாதமல்ல. அது தேவையா, கட்டுப்படியாகுமா என்பது தனி வழக்கு.

அமீன் எங்களுக்குத் தெரியாததா, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் அம்மோனியா ஆலைகளிலும் பல பத்தாண்டுகளாக ஓடுகிறதே என்று விண்ணப்பதாரர்கள் சொல்வார்கள். உண்மைதான்; 1930-ல் காப்புரிமை பெற்ற முறை இது. ஆனால் அங்கே அமீன் ஓடுவது அழுத்தம் மிகுந்த, ஆக்சிஜன் இல்லாத, மூடிய சுற்றில். கழுவப்பட்ட வாயு அடுத்த குழாய்க்குப் போகிறது, வானத்துக்கு அல்ல. புகைவாயுப் பிடிப்பில் மொத்த வாயுவும் அமீன் கரைசலில் குளித்துவிட்டு நேராக வெளிக்காற்றில் கலக்கிறது. போதாக்குறைக்கு அந்தப் புகையில் ஆக்சிஜனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கந்தக டை ஆக்சைடும் சாம்பலும் இருக்கின்றன. கரைசலைக் கெடுப்பதற்கு வேண்டிய அத்தனையும் வாசலிலேயே வந்து நிற்கிறது.

வேலை நடக்கும் விதம் இதுதான். புகையைச் சுமார் 40 டிகிரிக்குக் குளிர்வித்து உறிஞ்சு கோபுரத்தின் அடியில் விடுகிறார்கள். மேலிருந்து அமீன் கரைசல் இறங்குகிறது. எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் அடிப்படைக் கரைசல், நீரில் எடைக்கணக்கில் 30 விழுக்காடு மோனோ எத்தனால் அமீன். கரியமில வாயுவைச் சுமந்த கரைசல் அடுத்த கோபுரத்துக்குப் போய் 110 முதல் 120 டிகிரி வரை சூடாகிறது, வாயு பிரிகிறது, கரைசல் குளிர்ந்து திரும்பி வருகிறது. இந்தச் சுற்று ஓய்வில்லாமல் நடக்கும்போது ஆக்சிஜன் அமீனை அரித்து அம்மோனியா, ஃபார்மால்டிஹைடு, ஃபார்மிக் அமிலம் என்று உடைக்கிறது. குழாயிலிருந்து கரையும் இரும்பு அதற்கு ஊக்கியாகிறது. புதுக்கரைசலை மாதிரிப் புட்டியில் பிடித்தால் தண்ணீர்போல் இருக்கும். சில மாதம் ஓடிய கரைசலைப் பிடித்தால் கடுங்காப்பி. நிறத்தை வைத்து மட்டும் முடிவுக்கு வரக் கூடாது என்றாலும், ஆய்வுக்கு வரும் உங்கள் பொறியாளர் முதலில் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டியது அந்தப் புட்டியைத்தான்.

இப்போது அளவுக்கு வருவோம். நிலக்கரிப் புகையில் கரியமில வாயு சுமார் 12 விழுக்காடு என்று வைத்து, அதில் 90 விழுக்காட்டைப் பிடித்தால், பிடிக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் சுமார் 4,200 கனமீட்டர் வாயு உச்சி வழியே வெளியேறும். ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் என்றால் 420 கோடி கனமீட்டர். அதில் மோனோ எத்தனால் அமீன் ஒரே ஒரு பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இருந்தாலும் ஆண்டுக்குச் சுமார் 11 டன். கோபுர உச்சியில் வாயுவை நீரால் கழுவும் நல்ல நீர்க்கழுவல் இருந்து, எல்லாம் ஒழுங்காக ஓடினால் ஒரு பிபிஎம்முக்குக் கீழேயே வைத்திருக்கலாம். அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அம்மோனியா வேறு கணக்கு. மோனோ எத்தனால் அமீன் ஓடும் பல ஆலைகளில் எடையில் முதலிடம் அதற்குத்தான். எளிதில் ஆவியாவதால் வெறும் தண்ணீருக்கு அது முழுதாக அடங்காது. நீர்க்கழுவலுக்கு மேலே அமிலக் கழுவல் ஒன்று தேவை. சுற்றிலும் கந்தக டை ஆக்சைடு மிதக்கும் இடத்தில் வெளியேறும் அம்மோனியா, அதனுடன் சேர்ந்து நுண்துகளாகவே மாறும்.

ஆவியாகப் போவதைக் கழுவிப் பிடித்துவிடலாம். இந்தத் தொழிலில் பலரைத் தடுமாற வைத்தது ஆவி அல்ல, மூடுபனி. புகையில் கந்தக ட்ரை ஆக்சைடு சில பிபிஎம் இருந்தால் போதும். குளிர்விக்கும்போது அது கந்தக அமில நுண்துளிகளாகிறது. ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்து லட்சத்துக்கு மேல். கோபுரத்துக்குள் வினை வெப்பத்தால் வாயு 65, 70 டிகிரிக்கு ஏறும். மேலே குளிர்ந்த கரைசலைச் சந்திக்கும்போது அமீனும் நீராவியும் அந்தத் துளிகளின்மேல் படிந்து அவற்றைக் கொழுக்க வைக்கும். அப்படியும் பெரும்பாலானவை ஒரு மைக்ரானை ஒட்டியே இருக்கும். டெமிஸ்டர் என்ற துளிபிடி வலையில் மோதி ஒட்டிக்கொள்ளும் கனம் அவற்றுக்கு இல்லை; ஆவிபோலப் பரவி நீரில் கரையும் வேகமும் இல்லை. வாயுவோடு வளைந்து நெளிந்து எல்லாவற்றையும் தாண்டி வெளியே போய்விடும். இப்படிப்பட்ட நேரங்களில் அமீன் வெளியேற்றம் கனமீட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டியதைச் சோதனை ஆலைகளில் பதிவு செய்திருக்கிறார்கள்.

மேற்சொன்ன அதே ஆலையில் 200 மில்லிகிராம் என்று வையுங்கள்: மணிக்குச் சுமார் 100 கிலோ. நாலே நாளில் ஏறக்குறைய 10 டன்; ஒரு பிபிஎம் அளவில் ஓராண்டுக்கு வரும் கணக்கு கிட்டத்தட்ட தீர்ந்துவிடும். ஆண்டுச் சராசரியை மட்டும் வரம்பாக எழுதினால், இந்த நாலு நாளும் ஏட்டில் எங்கேயோ கரைந்துபோகும்.

இதற்கு மருந்து இருக்கிறது. ஆனால் மருந்தே நோயைக் கூட்டிய கதையும் உண்டு. ஈரமான மின்வீழ்ப்பியை முன்னால் வைத்தால் துளிகள் அடங்கும் என்று நினைத்தார்கள். புகையில் கந்தக டை ஆக்சைடு மீதமிருந்தால், அந்த மின்புலமே அதை ட்ரை ஆக்சைடாக்கி மூடுபனியைப் பெருக்கிவிடுகிறது என்பது பிறகு தெரிந்தது. நார்வேயின் மோங்ஸ்டாட் கரியமில வாயுப் பிடிப்புச் சோதனை மையத்தில், சுத்திகரிப்பு ஆலைப் புகைக்குப் பிரவுனியன் வடிகட்டி பொருத்திச் சமாளித்தார்கள். நெருக்கமான இழைப் படுகை அது. துளிகள் அலைந்து அலைந்து இழையில் ஒட்டும். விலை, அழுத்த இழப்பு இரண்டும் உண்டு. ஆகவே முன்தூய்மைதான் முதல் வழி.

நம் நாட்டில் இடிக்கிற இடமும் அதுதான். அமீன் ஆலைக்குள் நுழையும் புகையில் கந்தக டை ஆக்சைடு 10 பிபிஎம்முக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொது வழக்கம். அதாவது கனமீட்டருக்குச் சுமார் 29 மில்லிகிராம். 2015 விதிமுறைப்படி புது அனல்மின் அலகுக்கே வரம்பு 100 மில்லிகிராம். அதைவிட, 2025 ஜூலையில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் நாட்டின் அலகுகளில் சுமார் 78 விழுக்காட்டுக்கு எஃப்.ஜி.டி. என்ற கந்தக நீக்க அமைப்பைப் பொருத்துவதிலிருந்தே விலக்கு தந்துவிட்டது. நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. மின் நிலையத்துக்கு அந்தக் குறைவு போதுமா என்பதை விடுங்கள். அமீனுக்கு நிச்சயம் போதாது. எஃப்.ஜி.டி. இல்லாத அலகில் கரியமில வாயுப் பிடிப்பு என்று ஒரு கோப்பு வந்தால், மற்ற பக்கங்களைப் புரட்டும் முன்பே அதைத் திருப்பி அனுப்பலாம்.

ஆலைக்குள்ளேயே இன்னொன்றும் நடக்கிறது. புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளில் பெரும்பங்கு நைட்ரிக் ஆக்சைடு. அது கரைசலில் கரையாது. நூற்றில் ஐந்து பங்கு அளவுக்கு இருக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடு கரைந்து நைட்ரைட்டாகி, சூடான கோபுரத்தில் இரண்டாம் நிலை அமீன்களோடு (நைட்ரஜனோடு இரண்டு கரிமத் தொகுதிகள் இணைந்தவை; முதல்நிலையில் ஒன்று) சேர்ந்து நைட்ரோசமீனாகிறது. பைப்பரசீன் கலந்த கரைசல் வேகமாக உறிஞ்சும், வெப்பமும் தாங்கும். ஆனால் அது இரண்டாம் நிலை அமீன், நைட்ரோசமீனைச் சுலபமாகத் தரும். மோனோ எத்தனால் அமீன் முதல்நிலை என்பதால் நிலையான நைட்ரோசமீன் தராது. அதை வைத்து நிம்மதி அடைந்துவிட முடியாது. அது கெடும்போது உருவாகும் டை எத்தனால் அமீன் இரண்டாம் நிலைதான்.

பிறகு காற்று. வெளியேறிய அமீனைப் பகல் வெளிச்சத்தில் ஹைட்ராக்சில் என்ற வினைவேகம் மிக்க துகள் தாக்கி ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. மிஞ்சியது நைட்ரிக் ஆக்சைடோடு சேர்ந்தால் நைட்ரோசமீன், நைட்ரஜன் டை ஆக்சைடோடு சேர்ந்தால் நைட்ரமீன். உச்சி வெயிலில் நைட்ரோசமீன் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் நம் வெயில் நமக்குத் துணை. நைட்ரமீன் அப்படியல்ல. வெளிச்சம் அதை எளிதில் உடைக்காது. மழையில் கரைந்து இறங்கும். ஏரியின் மேல்நீரில் சிதையும் நைட்ரோசமீன்கூட, வெளிச்சம் எட்டாத ஆழத்துக்கோ கிணற்று ஊற்றுக்கோ போய்விட்டால் நெடுநாள் தங்கும். ஆகவே காற்றுக்கு மட்டும் வரம்பு எழுதி, குடிநீரை விட்டுவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

இந்தப் பெயர்கள் வாசகர்களுக்கு அந்நியமானவை அல்ல. வயிற்று எரிச்சலுக்கு வீட்டில் வைத்திருந்த ரானிடிடின் மாத்திரையை 2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்துத் துறை சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னதே, அதற்குக் காரணம் என்.டி.எம்.ஏ. என்ற நைட்ரோசமீன். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திய பொருள் அது. மருந்தில் நாளுக்கு 96 நானோகிராம் வரை ஏற்றார்கள். நார்வேயின் பொதுச் சுகாதார நிறுவனம் 2011-ல் காற்றுக்குப் பரிந்துரைத்தது, நைட்ரோசமீனும் நைட்ரமீனும் சேர்த்துக் கனமீட்டருக்கு 0.3 நானோகிராம், குடிநீருக்கு லிட்டருக்கு 4 நானோகிராம். ஒருவர் நாளுக்கு 20 கனமீட்டர் சுவாசிக்கிறார் என்றால் 6 நானோகிராம்தான் உள்ளே போகும். மருந்துக்கு 96, காற்றுக்கு 6 என்பது ஓரவஞ்சனையாகத் தோன்றலாம். மருந்துக் கணக்கில் வாழ்நாளில் லட்சத்தில் ஒருவருக்குக் கூடுதல் ஆபத்து என்பதை ஏற்றார்கள். காற்றுக் கணக்கில் பத்து லட்சத்தில் ஒருவர். மாத்திரையை விழுங்குபவருக்கு அதனால் ஒரு பலன் உண்டு, வேண்டாம் என்றால் விடலாம். மூச்சை விட முடியாது.

நார்வேயை நாங்கள் திரும்பத் திரும்ப இழுப்பதற்குக் காரணம் உண்டு. 2007 புத்தாண்டு உரையில் அந்நாட்டுப் பிரதமர் மோங்ஸ்டாட் திட்டத்தைத் தங்கள் 'நிலவுப் பயணம்' என்று அறிவித்தார். 2011-ல் முழு அளவு ஆலைக்கான முடிவைத் தள்ளிவைத்தபோது, அமீன் பற்றிய உடல்நலக் கேள்விகளும் அதற்கு ஒரு காரணம். 2013-ல் அந்த ஆலையையே கைவிட்டார்கள். அதில் செலவுக்குப் பெரிய பங்கு. ஆனால் 2012-ல் திறந்த சோதனை மையம் ஓடிக்கொண்டே இருந்தது. காற்றில் அமீன் என்ன ஆகிறது என்பதைப் பெரிய ஒளிக்கூடங்களில் ஆராய்ந்தார்கள். புகைபோக்கியில் அளந்ததைக் கட்டுரைகளாக வெளியிட்டார்கள். ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும் ப்ரெவிக் சிமென்ட் ஆலையின் பிடிப்பு அமைப்பு 2025 ஜூனில் திறந்ததற்குப் பின்னால் அந்தப் படிப்பு இருக்கிறது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமையும் 2021-ல் அளவு வகுத்துவிட்டது: மோனோ எத்தனால் அமீனுக்கு 24 மணி நேரச் சராசரி 100 மைக்ரோகிராம், ஒரு மணி நேரத்துக்கு 400, என்.டி.எம்.ஏ.வுக்கு ஆண்டுச் சராசரி 0.2 நானோகிராம். இவற்றை அப்படியே படியெடுக்கச் சொல்லவில்லை. நம் நைட்ரஜன் ஆக்சைடு அளவு வேறு, காற்றோட்டம் வேறு. எழுதத் தொடங்க ஓர் எண் வேண்டுமே என்பவர்களுக்கு, இதோ எண்கள்.

நானோகிராம் அளவை ஊர்க்காற்றில் நாள்தோறும் அளந்து ஆலையைக் கட்டுப்படுத்த முடியாது. பீடிப் புகையிலும் நைட்ரோசமீன் உண்டு. எது யாருடையது என்று பிரிக்கவே பெரும்பாடு. அதனால் உச்சியில் அளந்து, மற்றதைக் காற்றில் பரவலைக் கணிக்கும் கணினி மாதிரியில் பார்ப்பதுதான் நடைமுறை. இங்கே இரண்டு ஓட்டைகளை அடைக்க வேண்டும். முதலாவது, நம் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகளில் வழக்கமாக ஓட்டும் ஏர்மாட் மென்பொருள் கணக்கில் அமீன் வேதியியல் கிடையாது. அமீன் மாறாமலே பரவுவதாக அது எடுத்துக்கொள்ளும். பிரிட்டனில் ஏ.டி.எம்.எஸ். மென்பொருளுக்கு இதற்கென்றே தனிப் பகுதி எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது, 500 மெகாவாட் அலகின் புகை 275 மீட்டர் புகைபோக்கியில் சூடாக வெளியேறி, தன் வெப்பத்தால் மேலும் உயரும். பிடிப்புக்குப் பிறகு அதே வாயு 40 டிகிரியில், ஈரம் நிறைந்து, பெரும்பாலும் உறிஞ்சு கோபுரத்தின் உச்சியிலிருந்தே போகும். உயரமும் குறைவு, எழும்பும் திராணியும் குறைவு. பழைய புகைபோக்கிக் கணக்கை விண்ணப்பத்தில் ஒட்டி அனுப்பினால் ஏற்காதீர்கள்.

அளப்பதிலும் ஏமாறலாம். வாயுவை மட்டும் உறிஞ்சிப் பார்க்கும் கருவி மூடுபனியைத் தவறவிடும். மாதிரிக் குழாயின் மூக்கு காற்றோட்டத்தை எதிர்நோக்கி, புகைபோக்கியின் வேகமும் மூக்குக்குள் நுழையும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். தூசு அளக்க உங்கள் ஆட்கள் தினமும் செய்யும் ஐசோகைனடிக் முறைதான் இது. மூக்குக்குப் பின் வரும் குழாயைச் சூடாக வைத்து, பனிக்கட்டித் தொட்டியில் நிற்கும் நீர்த்த அமிலக் குப்பிகளில் வாயுவைக் குமிழியிட வேண்டும். நைட்ரோசமீனுக்கான குப்பியில் சல்ஃபாமிக் அமிலம் சேர்க்காவிட்டால், பிடிபட்ட அமீனும் நைட்ரைட்டும் குப்பிக்குள்ளேயே சேர்ந்து இல்லாத நைட்ரோசமீனை உண்டாக்கிக் காட்டும். குப்பியை வெளிச்சத்தில் வைத்தால் இருக்கும் நைட்ரோசமீனும் சிதைந்து காணாமல் போகும். ஆகவே பழுப்புப் புட்டி, குளிர்பெட்டி, அன்றே ஆய்வகம். தொடர் அளவீட்டுக்கு 180 டிகிரியில் சூடேற்றிய குழாயோடு, அகச்சிவப்பு ஒளியால் வாயுவை அளக்கும் எஃப்.டி.ஐ.ஆர். கருவி அமீனையும் அம்மோனியாவையும் ஒரு பிபிஎம் அளவில் காட்டும். அதைக் கிண்டியில் உள்ள உங்கள் கண்காணிப்பு மையத்தோடு இணைத்துவிடலாம். நைட்ரோசமீனை அதனால் பார்க்க முடியாது. அதற்கு மாதம் ஒருமுறை கைமாதிரி. கூடவே மின்வீழ்ப்பி நின்றபோதும், எஃப்.ஜி.டி. தடுமாறியபோதும், ஆலை தொடங்கும்போதும் கட்டாய மாதிரி. எல்லாம் நன்றாக ஓடும் நாளாகப் பார்த்து ஆய்வகத்தைக் கூப்பிடும் வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

கரைசல் கசடைப் பற்றிச் சுருக்கமாக. மோனோ எத்தனால் அமீன் என்றால் டன்னுக்கு ஒன்றரைக் கிலோ வரை கரைசல் வீணாவது சகஜம். பத்து லட்சம் டன்னுக்கு 1,500 டன். அதில் பெரும்பகுதி, கெட்ட கரைசலைச் சுத்திகரிக்கும் கலத்தின் அடியில் தார்போலத் திரளும். உலோகங்களும் சிதைவுப் பொருள்களும் நைட்ரோசமீனும் அதில் இருக்கும். அபாயக் கழிவு என்று பெயரிட்டு எரிக்கும் இடம்வரை ரசீது கேளுங்கள். அமிலக் கழுவலின் கழிவுநீரைச் சாம்பல் குட்டைக்குத் திருப்பிவிட அனுமதிக்காதீர்கள்.

இசைவாணையில் நாங்கள் எதிர்பார்க்கும் வாசகங்கள் இவை. அமீனுக்கும் அம்மோனியாவுக்கும் ஆவி, துளி இரண்டும் சேர்த்து மணிநேர வரம்பு. கழுவல் பம்பு நின்றால் சில நிமிடங்களுக்குள் புகையைப் பிடிப்பு ஆலையைத் தவிர்த்து வழக்கமான புகைபோக்கிக்குத் திருப்பும் தானியங்கிப் பூட்டு. அன்றைக்குக் கரியமில வாயு பிடிபடாமல் போகும், போகட்டும். பிடித்த டன்னுக்குக் காசு என்று ஒப்பந்தம் இருக்கும் ஆலையில் இந்தப் பூட்டை மனிதர் கையில் விட்டால் அது திறந்தே கிடக்கும். ஆலை தொடங்க ஓராண்டு முன்பிருந்தே 10 கிலோமீட்டருக்குள் உள்ள ஏரி, கண்மாய், குடிநீர்க் கிணறுகளில் நைட்ரோசமீன், நைட்ரமீன் அடிப்படை அளவீடு. கரைசலின் சேர்மானம் வணிக ரகசியம் என்றால், முத்திரையிட்ட உறையில் வாரியத்துக்கு முழு விவரம். பொதுமக்களுக்கு அது முதல்நிலையா இரண்டாம் நிலையா மூன்றாம் நிலையா, எதுவாகச் சிதையும் என்ற தகவலாவது. கரைசலை மாற்றினால் இசைவாணையும் புதிதாக.

கடைசியாக ஒன்று. 2006 அறிவிக்கைப்படி கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன் தாக்க அறிக்கையின் சுருக்கம் தமிழில் தரப்பட வேண்டும். அந்தச் சுருக்கத்தில் 'உறிஞ்சும் திரவம்' என்று பொதுவாகப் போட்டுக் கடந்துபோக விடாதீர்கள். அமீனின் பெயர், மணிக்கு எத்தனை கிலோ வெளியேறும், பம்பு நின்ற நாளில் எத்தனை கிலோ, எந்த ஏரியில் எவ்வளவு இறங்கும் என்ற நான்கு விவரங்களும் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
புகைவாயுச் சுத்திகரிப்பிலும் புகைபோக்கி அளவீட்டிலும் பணிபுரிவோர் சிலர்